மீனுக்கு ஒரு தனி எண்

1

பன்னிரண்டாவது முறையாக, நான் என் கணவருக்கு மனைவிதான் என்பதைப் போன மாதம் நிரூபித்துவிட்டு வந்தேன். திருமணச் சான்றிதழ், அதன் நகல், நகலுக்கு ஒரு நகல், கூடவே சாட்சிக்கு ஆள். ஆள் என்றால் குணா, என் கணவர். அவர் வந்து பக்கத்தில் உட்காராவிட்டால் என் விசா புதுப்பிக்கப்படாது. முதல் வருடம் கவுன்டரில் இருந்த பெண் "சுவாமி மானா?" என்று கேட்டபோது, கோயிலுக்குப் போய்விட்டு வரச் சொல்கிறாளோ என்று விழித்தேன். மலாயில் அது கணவன் எங்கே என்ற கேள்வி. இப்போதெல்லாம் அவள் வாயைத் திறப்பதற்குள் குணாவைப் பிடித்து முன்னே தள்ளிவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கிறாள், கொடுத்துவைத்தவள் என்று கோவில்பட்டியில் என்னைப் பற்றிப் பெருமூச்சு விடும் சிநேகிதிகளுக்காக இதைச் சொல்கிறேன். கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங் தாமான் என்ற குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறேன். ஊரில் பஸ் கண்டக்டர் சில்லறை தராவிட்டால் பஸ்ஸையே நிறுத்தியவள் நான். இங்கே கவுன்டரில் "நாளைக்கு வா" என்றால் "தாக் அப்பா" என்று சிரித்துவிட்டு வருகிறேன். பரவாயில்லை என்று அர்த்தம். பன்னிரண்டு வருடத்தில் நான் சுத்தமாக உச்சரிக்கக் கற்றுக்கொண்ட ஒரே மலாய் வார்த்தை அதுதான் என்று என் மகள் திவ்யா கேலி செய்கிறாள். அவள் தமிழில் "அம்மா" மட்டும்தான் சுத்தம், அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேறு சரக்கு.

அன்றைக்கு எங்கள் டோக்கன் வருவதற்குள் என் கைபேசி அடித்தது. சிடாம் கிரி தோட்டக் குடியிருப்பிலிருந்து செல்வி அக்கா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், எங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர். இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"வசந்தி, ஒங்க லைனு என் மவ படிப்புல மண்ணள்ளிப் போடுது. மூணு நாளா ஃபாரம் போக மாட்டேங்குது. வெள்ளிக்கெழம சாயங்காலத்தோட குளோஸ் லா. என்ன பண்ணப் போறீங்க?"

அன்று புதன்கிழமை.

2

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன இணையச் சேவை கம்பெனியில். முதலாளி பத்மநாதன், எல்லாருக்கும் பத்து அண்ணன். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத தோட்டங்களுக்குக் கம்பம் நட்டு லைன் இழுத்துக் கொடுத்தவர். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மற்றதில் சொல்வேன்.

இணையத்தில் பேச வேண்டுமானால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் வேண்டும். ஐ.பி. முகவரி என்பார்கள். பழைய வகை எண்கள் உலகம் முழுவதும் தீர்ந்துவிட்டன. புதிய வகை எண்கள் கடல் மாதிரிக் கிடக்கின்றன. ஆனால் தோட்டத்து வீடுகளில் இருக்கும் பழைய மோடம் பெட்டிகளுக்கு அது புரியாது, அவர்கள் போக வேண்டிய பாதித் தளங்களுக்கும் புரியாது. ஆகவே எங்களைப் போன்ற சில்லறைக் கம்பெனிகள் கையில் இருக்கும் கொஞ்சம் பழைய எண்களைப் பங்கு போட்டு ஓட்டுகிறோம். சிடாம் கிரி தோட்டத்தின் அத்தனை வீடுகளும் ஒரே ஓர் எண்ணுக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெருவுக்கு ஒரு குழாய், வாரம் ஒரு தடவை தண்ணீர். அதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால், குழாயடியில் யார் எத்தனை குடம் பிடித்தார்கள் என்று தெரியும். இங்கே வெளியிலிருந்து பார்க்கிற தளத்துக்குத் தோட்டமே ஒரே ஆள் மாதிரித் தெரியும். மேற்படிப்பு விண்ணப்பம் மூடும் வாரத்தில் ஏழு பிள்ளைகள் ஏழு வீட்டிலிருந்து மாறி மாறி முயன்றால், எவனோ ஒருவன் விஷமம் செய்கிறான் என்று தளம் கதவைச் சாத்திவிடும். "இந்த முகவரியிலிருந்து அளவுக்கு மீறிய முயற்சிகள்." செல்வி அக்காவின் மகள் கவிதா மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியைத்தான்.

3

இந்த எண்களை யார் கொடுப்பது? உலகத்தை ஐந்து வட்டாரமாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு பதிவகம் வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் இல்லை, கம்பெனியும் இல்லை. யாருக்கு எத்தனை எண், என்ன நிபந்தனை என்ற விதிகளை அந்தப் பதிவகம் தானாகப் போடுவதும் இல்லை. "சமூகம்" போடுகிறது. அந்த வார்த்தையை அவர்கள் சொல்லும்போது ஒரு பக்தி இருக்கும், கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

முறை இதுதான். யார் வேண்டுமானாலும் ஒரு விதி மாற்றத்தை முன்மொழியலாம். உறுப்பினராக இருக்கக்கூட அவசியமில்லை. முன்மொழிவு மின்னஞ்சல் பட்டியலுக்கு வரும், வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். பிறகு ஏதோ ஒரு நகரத்தின் பெரிய ஹோட்டலில் பொதுக்கூட்டம், வர முடியாதவர்கள் இணையத்தில் கலந்துகொள்ளலாம். ஓட்டுப் போடுவது கிடையாது. எதிர்ப்பு எவ்வளவு கனமானது என்று தலைவர்கள் எடை போட்டு, ஒருமித்த கருத்து உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். அதன்பிறகும் நாலு வாரம் கடைசிக் கருத்துக் கேட்பு. எல்லாம் முடிந்துதான் விதி.

காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பட்டியலை வருடக்கணக்கில் படித்தவள் சொல்கிறேன், நூறு கடிதம் வந்தால் அறுபது ஒரே ஏழெட்டுப் பேரிடமிருந்து. அதில் பாதி "கொள்கையளவில் ஆதரிக்கிறேன்". மீதி, காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்ற சண்டை. இணையம் பிறந்த காலத்தில் சும்மா கேட்டு மூட்டை மூட்டையாக எண்களை வாங்கி வைத்துக்கொண்ட பெரிய கம்பெனி ஆட்கள், எண்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி என்று நமக்கு வகுப்பு எடுப்பார்கள். வயிறு எரியும்.

இந்த முறை வந்த முன்மொழிவு எங்கள் தலையில் நேராக விழுந்தது. மூடிப்போன கம்பெனிகள் திருப்பித் தரும் எண்களுக்காக ஒரு காத்திருப்புப் பட்டியல் இருந்தது. நாங்களும் அதில் நின்றோம், சிடாம் கிரிக்காகவும் செர்டாங் பக்கத்துத் தோட்டங்களுக்காகவும். அந்தப் பட்டியலையே ரத்து செய்துவிட்டு, திரும்பி வரும் எண்களைப் புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்றது முன்மொழிவு. ஏற்கெனவே இருப்பவர்கள் இருப்பதைச் சிக்கனமாகப் பிரித்துக்கொள்ளட்டுமாம்.

4

வடக்குப் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. முன்மொழிவு வந்த அன்றைக்கு அது பற்றி எரிந்தது. "விட மாட்டோம் லா" என்றார் ஒருவர். "மைக்க புடிச்சி கிழிச்சிரணும்ணே" என்றார் இன்னொருவர். பத்து அண்ணன் கோபத்தில் இருபது முஷ்டிப் படம் அனுப்பினார்.

கூட்டம் நடந்தது அந்த விசா புதனுக்கு முந்தைய வாரம், ஒரு காலை நேரம். அலுவலகத்தில் அண்ணனும் நானும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். குழுவில் இருந்த அத்தனை பேரும் இணையத்தில் வந்திருந்தார்கள். மேடையில் ஒருவர் வந்து முன்மொழிவைப் படித்தார். கேள்வி நேரம் வந்தது. எங்கள் ஆள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு தலைவர் கருத்துப் பொத்தான்களைத் திறந்துவிட்டார். கடும் ஆதரவு, ஆதரவு, நடுநிலை, எதிர்ப்பு, கடும் எதிர்ப்பு. ஐந்து பொத்தான்.

நான் "கடும் எதிர்ப்பு" மேல் மவுஸைக் கொண்டுபோனேன். அண்ணன் என் கையைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏம்மா, எதுக்கு மூஞ்சில அடிக்கிற மாதிரி? நாளைக்கு நாமதானே அவங்ககிட்ட போய் நிக்கணும். நடுவுல போடு லா."

"எதிர்க்கத்தானேண்ணே வந்தோம்?"

"நம்ம எதிர்ப்பு அவங்களுக்குத் தெரியாதா? நடுவுல போட்டா புரிஞ்சிக்குவாங்க."

இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். இங்கே தோட்டத்துக் கோயிலின் ஆண்டுக் கூட்டத்தில் யாரும் எதிர்த்துக் கை தூக்க மாட்டார்கள். தலைவர் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார். பிடிக்காதவர்கள் தலையைக் குனிந்து பாயைச் சுரண்டுவார்கள். அந்தக் குனிதலுக்கு என்ன அர்த்தம் என்று தலைவருக்குத் தெரியும். மறுநாள் வீட்டுக்கு வந்து, "என்ன அண்ணே, நேத்து ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டு, தேத்தண்ணி குடித்து, சமாதானம் பேசிவிட்டுப் போவார். மூஞ்சி முறியாமல் ஒரு ஊர் ஓடுவதற்கான ஏற்பாடு அது. குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பல்லாயிரம் மைல் தள்ளி இருக்கும் ஹோட்டல் மேடையிலிருந்து எந்தத் தலைவர் சிடாம் கிரிக்குத் தேத்தண்ணி குடிக்க வரப்போகிறார்?

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நடுநிலையை அழுத்தினேன். அண்ணன் மேல் பழியைப் போட மாட்டேன். மவுஸ் என் கையில்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் கவுன்டர் கவுன்டராகத் தாக் அப்பா சொல்லிச் சொல்லி என் விரலுக்கே அது பழகிவிட்டது.

திரையில் முடிவு வந்தது. ஆதரவு கொஞ்சம். எதிர்ப்பு இரண்டோ மூன்றோ, யாரோ பசிபிக் தீவுக்காரர்கள். நடுவில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு. அது முழுக்க எங்கள் ஆட்கள். "கனமான எதிர்ப்பு எதுவும் இல்லை, ஒருமித்த கருத்து எட்டப்பட்டது" என்றார் தலைவர். கைதட்டினார்கள். வாட்ஸ்அப் குழுவில் அடுத்த நிமிடமே, "அநியாயம் லா!"

5

விசா வேலை முடிந்து அலுவலகம் வந்தபோது செல்வி அக்கா காத்திருந்தார். தொழிற்சாலைச் சீருடையோடு வந்து, வரவேற்பறை நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நான் எண் பங்கீட்டைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப எம் மவளுக்கு என்ன வழி?"

"கவிதாவ இங்க கூட்டிட்டு வாங்கக்கா. ஆபீஸ் லைன்ல போட்டுரலாம், பத்து நிமிஷம்."

"எம் மவளுக்குச் சரி. தோட்டத்துல ஃபாரம் போடுற புள்ளைங்க ஏழு. மத்த ஆறும் என் வாயப் பாத்துக்கிட்டு நிக்குது. நான் இத மட்டும் இழுத்துக்கிட்டு வந்துட்டா, நாளைக்கு அந்த வழியா எப்படி நடக்கிறது? வேலைக்குப் போற தாய் தகப்பன், ஆறு பேர யாரு ஏத்திக்கிட்டு வர்றது?"

தனி எண் கொடுக்க எண்ணே இல்லை, கேட்டு வரிசையில் நின்றோம், அந்த வரிசையையும் கலைக்கப் போகிறார்கள் என்றேன். கூட்டம், பொத்தான், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெரிய கம்பெனிக்காரர்களைத் திட்டவும் செய்தேன். திட்டு எனக்குச் சரளமாக வரும்.

"நீங்க எத அமுக்கினீங்க?" என்றார்.

நான் கையிலிருந்த விசா காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன். அண்ணன் உள்ளேயிருந்து வந்து, "அது வந்து செல்வி, அங்க முறைனு ஒண்ணு இருக்கு" என்று இழுத்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் தலைக்கு மேலே சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு அரோவானா மீன் சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டு மீன். அதிர்ஷ்ட மீன் என்று தொட்டிக்கு மேல் கேமரா வைத்து, எங்கிருந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார். வருஷக்கணக்காக ஓடுகிறது, நாங்கள் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"இது எங்க இருக்கு?"

"என் வீட்டுல" என்றார் அண்ணன், கொஞ்சம் பெருமையாகவே.

"இங்கேர்ந்து தெரியுதே. அதுக்கும் நம்பர் வேணுமா?"

அந்தக் கேமராவுக்கு எண் போட்டுக் கொடுத்தவள் நான்தான். பங்கு இல்லாத முழு எண். வெளியிலிருந்து நேராகப் பார்க்க அதுதான் வசதி என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில், அண்ணனைத் திருப்திப்படுத்தப் போட்டது.

"வேணும்க்கா."

"பங்கா, தனியா?"

"தனி."

செல்வி அக்கா கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. "தோட்டத்துக்கே ஒண்ணு. மீனுக்கு ஒண்ணு" என்றார், ஏதோ கடைச் சாமான் சரிபார்ப்பதுபோல. எழுந்து, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

எனக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்வது? எண்ணை மூட்டை கட்டி வைத்திருக்கிறான்கள் என்று ஊர் உலகத்தையே திட்டினேனே, என் தலைக்கு மேலே ஒரு மீன் அதைச் செய்துகொண்டிருந்தது. காத்திருப்புப் பட்டியலில் எங்கள் இடம் எத்தனையாவது என்று தினம் பார்த்தவளுக்கு, கையில் இருப்பதை ஒரு தரம் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

"அண்ணே, மீன் நம்பர எடுக்கிறேன்" என்றேன்.

"இப்பவா? கொஞ்சம் யோசிச்சு..."

"எடுத்தாச்சுண்ணே."

திரை கறுத்தது. ஏழு பிள்ளைகளின் வீட்டையும் மீனின் எண்ணுக்கு மாற்றி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அது தளம் கதவைச் சாத்தாத எண், ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் என்று சொல்லிவைத்தேன். வியாழன் மதியத்துக்குள் ஏழு விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தன. கடைசியாகப் போனது கவிதாவுடையது. மற்ற ஆறும் போன பிறகுதான் போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

6

கடைசிக் கருத்துக் கேட்புக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த வியாழன் மாலை வீட்டில் உட்கார்ந்து பட்டியலுக்கு எழுதினேன். கோவில்பட்டியில் என் அம்மா நகராட்சிக்கு மனு எழுதும்போது "பணிந்து" என்ற சொல் வராமல் எழுதுவார். ஒருமுறை பக்கத்தில் நின்ற ஒருவர் பேனாவை நீட்டி, "ஒரு பணிவு போட்டா நல்லா இருக்கும்மா" என்றபோது, "தண்ணிய அவன் வீட்டுக் கெணத்துலருந்தா குடுக்கான்?" என்றார். அதற்காகத் தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. அங்கேயும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆனால் எதிர்க்கிறோம் என்பதாவது எதிராளிக்குத் தெரிந்தது.

நானும் பணிவு போடாமல் எழுதினேன். ஒரு தோட்டம், ஓர் எண், ஏழு பிள்ளைகள், மூடிய கதவு. கூட்டத்தில் நான் நடுநிலை என்று அழுத்தியது பொய், நான் கடுமையாக எதிர்க்கிறேன் என்றும் எழுதினேன். மனச்சாட்சி உறுத்தியதால் மீனையும் எழுதிவிட்டேன். திவ்யா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"அம்மா, why so garang? ரிலாக்ஸ் லா. ஃபிஷ் பார்ட் டிலீட் பண்ணு. மாலு."

அவளுடைய garang-க்கு முரட்டுத்தனம் என்று அர்த்தம், மாலு என்றால் வெட்கம். அவளுக்குத் தமிழில் அந்தச் சொல் தெரியாது. விஷயம் மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது. நான் அழிக்கவில்லை, அனுப்பினேன்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். "சூப்பர் கா", "சரியான அடி கா". பட்டியலில் ஒருவர்கூட எனக்குப் பின்னால் ஒரு வரி எழுதவில்லை.

பதில் ஒன்று வந்தது, ஒரு பெரிய கம்பெனியின் மரியாதை தெரிந்த மனிதரிடமிருந்து. என் நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார். தேடிப் பார்த்தால் கையிலேயே எண்கள் இருக்கும் என்ற முன்மொழிவின் வாதத்துக்கு என் மீனைவிடச் சிறந்த உதாரணம் இருக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். மூன்று பேர் அதை ஆமோதித்தார்கள். தலைவர்கள் எடை போட்டார்கள். பாதிக்கப்படுவதாகச் சொல்லும் கம்பெனிகள் கூட்டத்தில் நடுநிலை வகித்ததையும் குறித்துக்கொண்டார்கள். ஒருமித்த கருத்து நிற்கிறது என்று முடித்தார்கள்.

காத்திருப்புப் பட்டியல் போயே போய்விட்டது. அந்த மஞ்சள் கோட்டில் என் விரலும் இருந்தது. இதை அழகாகச் சொல்ல எனக்கு வராது, வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

7

போன வாரம் பத்து அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"வசந்தி, அதான் ஃபாரம் எல்லாம் போயிருச்சே. மீனப் பாக்காம மனசே சரியில்லம்மா. அந்த நம்பரத் திருப்பிக் குடுத்துரு லா."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் குசும்பு வந்தது.

"நான் யாருண்ணே முடிவு பண்றதுக்கு? சமூகம் முடிவு பண்ணட்டும். முறைனு ஒண்ணு இருக்குல்ல?"

சிடாம் கிரி வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முன்மொழிவு: ஏழு வீடுகள் இப்போது பயன்படுத்தும் எண்ணை முதலாளியின் மீனுக்குத் திருப்பிக் கொடுப்பது. கீழே ஐந்து பொத்தான், கடும் ஆதரவிலிருந்து கடும் எதிர்ப்பு வரை. யார் எதை அழுத்தினார்கள் என்று எல்லாருக்கும் பெயரோடு தெரியும்.

அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சும்மா சிரித்தார். "நம்ம ஜனங்க மூஞ்சில அடிக்க மாட்டாங்கம்மா. பாரு, எல்லாம் நடுவுல விழும்."

எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. இவர்களும் அதே கோயிலில் பாயைச் சுரண்டுகிறவர்கள்தானே.

முதல் பெயர் செல்வி அக்கா. இடைவேளையில் அழுத்தியிருப்பார் போல. பிறகு கவிதா. பிறகு மற்ற ஆறு பிள்ளைகள், அவர்களின் அப்பா அம்மாக்கள், கோயில் தலைவர், அவர் மனைவி. சாயங்காலத்துக்குள் தோட்டமே வந்துவிட்டது. மேலே நாலு பொத்தானும் காலியாகக் கிடந்தன. அத்தனை பெயரும் கடைசியில், கடும் எதிர்ப்பில்.

அண்ணன் மெதுவாகத் தன் கைபேசியை எடுத்தார். குழுவில் அவரும் உண்டு. என் கண் முன்னால், நடுநிலையில் ஒரு பெயர் வந்து விழுந்தது.

"உங்க மீனுக்கே நடுநிலையாண்ணே?" என்றேன்.

"பழக்கமாயிருச்சும்மா" என்றார்.

நான் கடும் எதிர்ப்பை அழுத்தினேன்.